செத்த பெட்டரியை எழுப்பலாமா?

(தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா மண்டபத்தில் நடந்த மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது. பேசியபடியே எழுதித் தரப்படுகிறது.)



வழக்கமாக இந்த இடத்தில் நின்று நான் போசாக்கைப் பற்றியும் கிளினிக் நாளைப் பற்றியும் பேசுவேன். இன்றைக்குப் பேசப்போவது பெட்டரியைப் பற்றி. சிரிக்காதீர்கள், இதுவும் நலன்புரிதான். ஏன் என்று சொல்லுகிறேன்.

நம் லயங்களில் மேசன் வேலை, தச்சு வேலை, தகரம் அடிக்கிற வேலைக்குப் போகிற இளந்தாரிகள் இப்போது நிறையப் பேர். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கட்டுகிற இடங்களுக்கும் கொழும்புப் பக்கமும் போகிறார்கள். வயர் இல்லாமல் பெட்டரியில் ஓடுகிற ட்ரில் மெஷின் ஒன்றைக் கையில் வைத்திருந்தால் கூலி கொஞ்சம் கூடக் கிடைக்கிறது. ஆனால் மெஷின் நன்றாக இருக்கும்போதே பெட்டரி செத்துப்போகிறது. புது பெட்டரி வாங்கப் போனால் மெஷினுக்குக் கொடுத்த காசில் பாதியைக் கேட்கிறார்கள். அந்தக் காசுக்கு அம்மா மலையில் எத்தனை பேர் போடவேண்டும் என்று கணக்குப் பாருங்கள். அதனால்தான் பையன்கள் போனில் வீடியோவைப் பார்த்து, இரண்டு வயரை எடுத்து, லயக் காம்பராவுக்குள் உட்கார்ந்து செத்த பெட்டரியை எழுப்பப் பார்க்கிறார்கள். ஒரு காம்பராவில் பற்றினால் வரிசை முழுவதும் போகும், ஒரே கூரை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"செய்யாதே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவது எனக்கு லேசு. அப்படிச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்கவும் வேண்டாம், ஏனென்றால் சில பெட்டரியை உண்மையிலேயே எழுப்பலாம். எதை எழுப்பலாம், எதைத் தொடக்கூடாது என்பதுதான் இன்றைய பேச்சு. அதை எனக்கு விளங்கப்படுத்தியவர் தெல்லிப்பழையில் இருக்கிற ஒரு மெக்கானிக்.

பெட்டரியை எழுப்புகிற வேலை நமக்கொன்றும் புதிதில்லை. டார்ச் லைட் மங்கினால் பாட்டி பெட்டரியைக் கழற்றி அடுப்போரம் வைப்பார், இல்லாவிட்டால் வெயிலில் காயப்போடுவார். மறுநாள் கொஞ்சம் எரியும். லயத்துக்குக் கரண்ட் வராத காலத்தில் டிவி பார்க்கக் கார் பெட்டரி வைத்திருந்த வீடுகள் இருந்தன. படம் போடுகிற நாளுக்கு முதல் நாள் அதைச் சாக்கில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போய் சார்ஜ் போட்டு வருவார்கள். திரும்பி வரும்போது ஆசிட் சிந்திச் சட்டை முதுகில் ஓட்டை விழுந்திருக்கும். பெரியவர்கள் தலையாட்டுகிறீர்கள்.

ஆனால் இந்த வேலையில் யாழ்ப்பாணத்து ஆட்களை மிஞ்ச முடியாது. அவர்களுக்கு அது விளையாட்டில்லை, வேறு வழியே இருக்கவில்லை.

1990 ஜூன் மாதம் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நின்றுபோனது. யாழ்தேவி ரயிலும் நின்றது. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. கொண்டுபோகக் கூடாது என்று தடுத்த சாமான்களில் டார்ச் பெட்டரியும் ஒன்று. ஒன்றை யோசித்துப் பாருங்கள். அதுவரை அந்தப் பக்கம் எரிந்த விளக்கில் நம் மலைத் தண்ணீரின் பங்கும் இருந்தது. லக்ஷபானவில் 1950இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். பிறகு மவுசாக்கலை அணை வந்து பழைய மஸ்கெலியா டவுனே தண்ணீருக்கடியில் போனது. அந்தக் கரண்ட் கம்பி வழியே வடக்கு வரை போனது. யாழ்ப்பாணத்து ஆட்கள் அதை "லக்ஷபான கரண்ட்" என்றே சொல்வார்களாம். கரண்டை எடுக்கிற மலையில் நம் லயங்கள் இருட்டில் கிடந்தது தனிக்கதை. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

தெல்லிப்பழை வலிகாமம் வடக்கில் இருக்கிறது. பலாலி விமானத் தளத்தைச் சுற்றியிருந்த ஊர்ச் சனங்கள் 1990இலேயே வீடு வாசலை விட்டு எழும்ப வேண்டி வந்தது. ஒரு பகுதியார் இருபத்தைந்து வருசத்துக்கு மேல் முகாம்களில் இருந்தார்கள். சண்டை முடிந்த பிறகு காணிகளைத் துண்டு துண்டாக விட்டார்கள், இன்னும் விடுபடாத காணியும் உண்டு. திரும்பி வந்தவர்கள் பற்றைக் காட்டை வெட்டி, கூரையில்லாத சுவர்களைப் பார்த்து, முதலில் இருந்து கட்டத் தொடங்கினார்கள். அங்கேதான் இந்த ட்ரில் மெஷின்களுக்கு வேலை. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரைக்கும் ரயில் மறுபடி ஓடத் தொடங்கியது, தெல்லிப்பழை ஸ்டேசனும் திறந்தது. என் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த இடம் அந்தப் பக்கம். ஒரு லீவுக்கு ஹட்டனில் ரயிலேறி, பொல்காவலையில் மாறி, அங்கே போனேன். போகும்போது நம் தோட்டத்துப் பையன்கள் மூன்று செத்த பெட்டரியைப் பையில் போட்டு அனுப்பினார்கள்.

மச்சான் என்னைக் கூட்டிக்கொண்டு போன மெக்கானிக்குக்கு ஐம்பத்தைந்து வயதுக்குக் கிட்ட இருக்கும். தகரக் கொட்டில், ஒரு மேசை, ஒரு மீட்டர். நாம் பெட்டரி என்று சொன்னால் அவர் "பற்றரியோ?" என்று கேட்பார், அங்கே அப்படித்தான். வேலையைத் தொடங்க முதல் அந்தக் காலத்துக் கதையைச் சொன்னார். எனக்கு அது பாடம் கேட்டது போல இருந்தது.

ராத்திரிக்குப் பெரும்பாலும் சின்னப் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரிக்கிற விளக்குத்தான். படிக்கிற பிள்ளைகளும் அந்த வெளிச்சத்தில்தான் படித்தார்கள். ஆனால் ரேடியோவுக்கு மண்ணெண்ணெய் ஊற்ற முடியாதே. எங்கே குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்தது என்று தெரியவேண்டும். பீபீசி தமிழோசை கேட்கவேண்டும். என்ன செய்தார்கள்? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை டயரில் உரசவிட்டு, பெடலைக் கையால் சுற்றினார்கள். சைக்கிள் டைனமோ ஆறு வோல்ட். நாலு பெட்டரி போடுகிற ரேடியோவுக்கும் ஆறு வோல்ட்தான், ஒன்றரை நாலு ஆறு. கணக்குச் சரி. ஆனால் டைனமோவில் வருகிற கரண்ட் முன்னும் பின்னும் ஓடுகிற ஏசி. ரேடியோவுக்கு ஒரே பக்கமாக ஓடுகிற டீசி வேண்டும். அதனால் நடுவில் டயோடு வைத்தார்கள். "செய்தி முடியுமட்டும் நான்தான் சுத்துறது. கை சோர்ந்தா குரலும் சோர்ந்து போகும். வீட்டுக்காரர் எல்லாரும் சேர்ந்து ஏசுவினம்" என்று சொல்லிச் சிரித்தார்.

டார்ச் பெட்டரிக்கு வேறு வைத்தியம். நம் பாட்டி செய்ததைப் போல வெயிலில் வைப்பார்கள். தகட்டில் ஆணியால் சின்ன ஓட்டை போட்டு உப்புத் தண்ணீர் விட்டு மெழுகால் அடைப்பார்கள். வலுவில்லாத பெட்டரி ஆறேழை ஒரே குழாய்க்குள் வரிசையாகப் போட்டு நாலு பெட்டரி செய்கிற வேலையை வாங்குவார்கள்.

இதெல்லாம் எப்படி வேலை செய்தது? சாதாரண டார்ச் பெட்டரியின் வெளி டப்பாவே நாகத் தகடு. அந்த நாகம் கரைந்து கரைந்துதான் கரண்ட் வருகிறது. விடாமல் எரித்தால் நடுக் குச்சியைச் சுற்றி வாயு சேர்ந்து கரண்டை மறிக்கும். கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் அது குறையும். சூடு காட்டினால் உள்ளே நடக்கிற வேலை சுறுசுறுப்பாகும். காய்ந்துபோன பசைக்கு உப்புத் தண்ணீர் ஈரம் கொடுக்கும். ஆனால் கரைந்த நாகம் திரும்பி வராது. பானையில் ஒட்டியிருக்கிற சோற்றைச் சுரண்டி எடுப்பது மாதிரி. புதிதாக அரிசி போட்டதாக ஆகாது.

இந்த இடத்தில் அந்த அண்ணை சொன்னதை அவர் பேச்சிலேயே சொல்கிறேன். "தம்பி, அந்தக் காலத்தில நாங்கள் எழுப்பின பற்றரி பிழைச்சுப் போனா ரேடியோ நிக்கும், அவ்வளவுதான். இப்பத்தைய பற்றரி பிழைச்சுப் போனா வீடு நிக்காது. அதால எந்தச் சாதி எண்டு பாக்காமல் நான் கை வைக்கிறேல்ல."

எந்தச் சாதி என்று எப்படிப் பார்ப்பது? பெட்டரியின் அடியில் எழுதியிருக்கும். ஆங்கிலத்தில் என், ஐ, சி, டி என்று நாலு எழுத்து இருந்தால் நிக்கல் கட்மியம். என், ஐ, எம், எச் என்று இருந்தால் இன்னொரு வகை நிக்கல். எல், ஐ என்று இருந்தால் லித்தியம். எழுத்துத் தேய்ந்து போயிருந்தால் வோல்ட்டைப் பாருங்கள். 9.6, 14.4 என்று பழைய மெஷின்களில் போட்டிருந்தால் நிக்கலாக இருக்க இடமுண்டு, ஆனாலும் நிச்சயம் பண்ணாமல் தொடவேண்டாம். பதினெட்டு வோல்ட் இரண்டிலும் உண்டு. இருபது வோல்ட் என்று புதிதாக வருவது லித்தியம்.

இந்த நிக்கல் கட்மியத்தை 1899இல் சுவீடன் நாட்டில் யுங்னர் என்பவர் செய்தார். வயரில்லாத ட்ரில் மெஷினை பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி 1961இல் கொண்டுவந்தது. லித்தியம் பெட்டரியைச் சோனி கம்பெனி கடைக்குக் கொண்டுவந்த வருசம் 1991. தெல்லிப்பழைப் பக்கம் டார்ச் பெட்டரியை வெயிலில் காயப்போட்ட அதே காலம். லித்தியம் பெட்டரிக்கு வழிகாட்டிய மூன்று பேருக்கு 2019இல் நோபல் பரிசும் கொடுத்தார்கள்.

நான் கொண்டுபோன மூன்றில் ஒன்று சாகவே இல்லை. கேட்டால் வேடிக்கையாக இருக்கும். பித்தளை நாக்கு இருக்கிற இடத்தில் சீமெந்துத் தூசி கெட்டியாக ஏறியிருந்தது. பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துப் போட்டார், சார்ஜரில் பச்சை லைட் வந்துவிட்டது. புதிது வாங்கக் காசு தேடிக்கொண்டிருந்த பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும்! ஆகவே முதலில் துடையுங்கள். அடுத்தது சார்ஜரைப் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் அதே கம்பெனி, அதே வோல்ட் சார்ஜர் இருந்தால் அதில் போட்டுப் பாருங்கள். மூன்றாவது நம் மலைக்கே உரியது: குளிர். மார்கழி, தை மாத விடியற்காலையில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி படிகிறது. அந்தக் குளிரில் கிடந்த பெட்டரியைச் சார்ஜரில் போட்டால் நல்ல சார்ஜர் ஏற்றாது. செத்துவிட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள். வீட்டுக்குள் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் வைத்து, குளிர் விட்ட பிறகு போடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். டார்ச் பெட்டரிக்குச் செய்ததை இதற்குச் செய்யக்கூடாது. அதே போல வேலை செய்து கொதித்த பெட்டரியை உடனே சார்ஜில் போடவும் கூடாது.

இரண்டாவது பெட்டரி பழைய 14.4 வோல்ட் நிக்கல் கட்மியம். அண்ணை அதைத் திறந்தார். உள்ளே 1.2 வோல்ட் சின்னக் கலங்கள் பன்னிரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. மீட்டரை ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தார். பத்தில் ஒன்றே கால் வோல்ட்டுக்குக் கிட்ட இருந்தது. இரண்டில் பூச்சியம். இதுதான் பெரும்பாலும் நடப்பது. பெட்டரி முழுவதும் சாவதில்லை, ஒன்றிரண்டு கலம்தான் சாகிறது. நெருப்புப் பிடித்த இடத்துக்குப் பீலியடியிலிருந்து பன்னிரண்டு பேர் வரிசையில் நின்று வாளி கை மாற்றுகிறோம் என்று வையுங்கள். நடுவில் ஒருவர் மயங்கி உட்கார்ந்தால் மீதிப் பதினொரு பேரும் நின்றும் தண்ணீர் போய்ச் சேராது.

அந்த ஒருவர் ஏன் மயங்கினார்? மெஷின் சுற்றுவது மெதுவாகிய பிறகும் "இன்னும் இரண்டு ஸ்க்ரூ" என்று விசையை அழுத்திப் பிடிப்பதால். வலுக்குறைந்த கலம் முதலில் காலியாகும். மற்றவை இன்னும் தள்ளிக்கொண்டே இருக்கும், காலியான கலத்துக்குள் கரண்ட் தலைகீழாகப் பாயும். அதில்தான் அது கெடுகிறது. தம்பிமாரே, மெஷின் இழுக்கத் தொடங்கியதும் விரலை எடுங்கள். பெட்டரியின் ஆயுளுக்கு இதைவிடப் பெரிய மருந்து இல்லை.

பூச்சியம் காட்டிய கலத்துக்குள் கட்மியம் மயிர் போல வளர்ந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகியிருக்கும். வெளியிலிருந்து சட்டென்று கொஞ்சம் கரண்டைப் பாய்ச்சினால் அந்த மயிர் எரிந்துபோகும். வீடியோவில் காட்டுகிற வித்தை இதுதான். அண்ணையும் செய்தார். ஆனால் எப்படிச் செய்தார் என்று கேளுங்கள். கொட்டிலுக்கு வெளியே, முற்றத்து மண்ணில் வைத்து, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நடுவில் ஒரு கார் பல்பைத் தொடுத்து, ஒரு கலத்துக்கு மட்டும் ஒரு நொடி. பல்பு நடுவில் இருந்தால் கரண்ட் கட்டுமீறிப் பாயாது. எங்களை ஐந்தாறு அடி தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு சார்ஜை மெதுவாக ஏற்றினார். பெட்டரியில் ஒன்றரை அம்பியர் மணி என்று போட்டிருந்தால் பத்தில் ஒரு பங்கு, அதாவது நூற்றைம்பது மில்லி அம்பியர், பதினாலு பதினாறு மணி நேரம். மெதுவாகப் போனால்தான் பன்னிரண்டு கலமும் ஒன்றுக்கொன்று சமமாகி நிற்கும்.

மறுநாள் பார்த்தோம். ஒரு கலம் நின்றது. மற்றது மறுபடி பூச்சியம். "இது நிக்காது எண்டு எனக்குத் தெரியும், உங்களுக்குக் காட்டத்தான் செய்தனான்" என்றார். எரிந்த மயிர் மறுபடி வளரும், தடுப்புத் தாள் ஓட்டையாகியிருக்கும். எழுப்பிய கலம் சில வாரம் ஓடலாம், சில மாதம் ஓடலாம். அவர் உண்மையில் நம்புகிற வழி வேறு. செத்த பெட்டரிகள் இரண்டை வாங்கி, இரண்டிலும் நன்றாக இருக்கிற கலங்களை மீட்டரில் அளந்து, ஒரே அளவாக இருப்பவற்றைச் சேர்த்து ஒரு நல்ல பெட்டரி கட்டுவது. இரண்டு பிணத்தை வைத்து ஒரு ஆளை எழுப்புகிற வேலை. நம் பையனின் பெட்டரியை அப்படித்தான் கட்டித் தந்தார். அது இப்போதும் ஓடுகிறது. இதை எல்லோரும் வீட்டில் செய்யலாம் என்று நான் சொல்லமாட்டேன். கலங்களைச் சேர்க்க ஒரு நொடியில் ஒட்டுகிற மெஷின் வேண்டும். சாதாரண ஈய அயனை அதிக நேரம் பிடித்தால் கலம் வெந்துவிடும்.

இப்போது மூன்றாவது. அது லித்தியம், பதினெட்டு வோல்ட். ஒன்றரை வருசமாக லயத்தில் மூலையில் கிடந்தது. மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு அண்ணை மேசையிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டார். "இதை எழுப்ப மாட்டன் தம்பி." எனக்கு மனது கேட்கவில்லை. அந்தப் பையனின் அப்பா இல்லை, அவன் சம்பாத்தியத்தில்தான் வீடு நடக்கிறது. "அண்ணை, இவ்வளவு தூரம் கொண்டுவந்தனே" என்றேன். அவர் ஒரு கடதாசியை எடுத்துப் படம் போட்டுக் காட்டினார்.

லித்தியம் கலம் நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட். இரண்டரை வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடக் கூடாது. பதினெட்டு வோல்ட் பெட்டரியில் இப்படி ஐந்து படி. உள்ளே மெல்லிய செப்புத் தகடு சுருட்டி வைத்திருக்கிறது. மாதக் கணக்கில் வெறுமையாகக் கிடந்து வோல்ட் மிகவும் கீழே போனால் அந்தச் செம்பு கரையத் தொடங்கும். பிறகு நாம் சார்ஜ் ஏற்றினால் கரைந்த செம்பு வேறொரு இடத்தில் போய்ப் படியும், உள்ளுக்குள் ஷார்ட் ஆகும். அன்றைக்கே ஆகவேண்டும் என்றில்லை. பத்து நாள் நன்றாக வேலை செய்துவிட்டு பதினோராம் நாள் ராத்திரி சார்ஜில் கிடக்கும்போது ஆகலாம். உள்ளே இருக்கிற திராவகம் எண்ணெய் போல எரியக்கூடியது. ஒரு கலம் சூடேறிப் பற்றினால் பக்கத்துக் கலமும் பற்றும். புகையும் நஞ்சு. இதைத் தடுக்கத்தான் பெட்டரிக்குள் ஒரு சின்ன போர்டு வைத்திருக்கிறார்கள், சார்ஜரும் சிவப்பு லைட்டைக் காட்டி ஏற்ற மறுக்கிறது. நல்ல பெட்டரியிலிருந்து இரண்டு வயர் எடுத்துச் செத்த லித்தியத்துக்குக் குத்துகிற வித்தை இருக்கிறதே, அது காவல்காரனின் கண்ணைக் கட்டிவிட்டுக் கதவைத் திறக்கிற வேலை. சார்ஜர் ஏமாந்து ஏற்றிவிடும். பச்சை லைட்டும் எரியும். வீடியோவும் அங்கே முடிந்துவிடும்.

அந்தப் பெட்டரியில் மூன்று படி 0.8 வோல்ட்டில் கிடந்தது. இனி அது இல்லை என்றார், நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் வெறுங்கையோடு அனுப்பவில்லை. பழைய கூட்டையும் உள்ளே இருக்கிற போர்டையும் சோதித்துவிட்டு, அதே அளவுப் புதுக் கலங்களைப் போட்டுக் கட்டிக் கொடுத்தார். புதுப் பெட்டரியின் விலையைவிட அது நன்றாகக் குறைந்தது. நம் டவுன்களிலும் இந்த வேலை தெரிந்தவர்களைத் தேடலாம். "பழைய கலத்தை எழுப்பித் தாருங்கள்" என்று கேட்காதீர்கள். "ஐந்து படியும் புதுக் கலமாக, எல்லாம் ஒரே வகையாகப் போட்டுத் தாருங்கள்" என்று கேளுங்கள். கேட்கத் தெரிந்தால்தான் காசுக்கு வேலை கிடைக்கும்.

இன்னும் இரண்டு வித்தை கேள்விப்பட்டேன். பெட்டரியை ஃப்ரிட்ஜில் உறையவைத்தால் உயிர் வரும் என்கிறார்கள். வராது. சுத்தியலால் தட்டினால் வரும் என்கிறார்கள். நிக்கலைத் தட்டினால் நசுங்கும், லித்தியத்தைத் தட்டினால் பற்றும்.

மருந்தடிக்கிற டாங்கியில் இருக்கிற பெட்டரி பலவற்றில் ஈயம், பன்னிரண்டு வோல்ட். தாத்தாமார் டவுனுக்குத் தூக்கிப்போன கார் பெட்டரியின் தம்பி. இதைக் காலியாக வைத்து மழை மாதம் முழுவதும் ஸ்டோரில் போட்டால் உள்ளே வெள்ளை உப்புப் படிந்து இறுகிவிடும். மாதம் ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும். நன்றாக இருந்தால் ஓய்வில் 12.7 வோல்ட் காட்டும். எவ்வளவு ஏற்றினாலும் பத்தரைக்கு மேல் ஏறாவிட்டால் ஆறு கலத்தில் ஒன்று போய்விட்டது, மினக்கெட வேண்டாம். சார்ஜ் ஏறும்போது இதிலிருந்து வாயு வரும். பக்கத்தில் விளக்கோ பீடியோ கூடாது.

லயத்தில் சார்ஜ் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். மெத்தைமேல், கொழுந்துச் சாக்கின்மேல், விறகுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். இஸ்தோப்பில் சீமெந்துத் தரையில் வையுங்கள். தூங்கப் போக முன் கழற்றிவிடுங்கள். பெட்டரி ஊதினால், இனிப்பு மாதிரி ஒரு வாடை வந்தால், தொடமுடியாத சூடு ஏறினால், பிளக்கைப் பிடுங்கி வெளியே மண்ணில் போடுங்கள். புகை வந்துவிட்டால் கையில் எடுக்கப் போகவேண்டாம். முதலில் பிள்ளைகளையும் வயதானவர்களையும் வெளியே எடுங்கள், பக்கத்துக் காம்பராக்களைத் தட்டுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தள்ளி நின்று தண்ணீரை நிறைய ஊற்றலாம். ஒரு வாளி போதாது, அது அணைந்தது போல் இருந்து மறுபடி பிடிக்கும். கொஞ்ச நாள் வேலையில்லாவிட்டால் லித்தியத்தை வெறுமையாகவும் வைக்காமல், முழுதாகவும் ஏற்றாமல், பாதியில் வையுங்கள்.

உண்மையிலேயே செத்ததை என்ன செய்வது? கானுக்குள் எறிகிறோம், குப்பையோடு கொளுத்துகிறோம். தெல்லிப்பழை அண்ணையின் கொட்டில் மூலையில் ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி இருந்தது. செத்த கலம் எல்லாம் முனையில் டேப் ஒட்டி அதற்குள். ஏன் இவ்வளவு பத்திரம் என்று கேட்டேன். "இஞ்ச ஆறில்லைத் தம்பி, கிணறுதான்" என்றார். அங்கே நிலத்துக்கடியில் சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றுவது கீழே இறங்கி அடுத்த வீட்டுக் கிணற்றில் ஊறும். பக்கத்தில் சுன்னாகத்தில் மின்சார நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்து, சனங்கள் குடிதண்ணீருக்கு அலைந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019இல் நட்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பு வந்தது. கரண்டும் வேண்டும், கிணறும் வேண்டும் என்று அனுபவித்தவர்கள் அவர்கள்.

நமக்குக் கிணறில்லை, பீலி இருக்கிறது. நாம் மேலே எறிவது கீழ் லயத்தார் குடிக்கிற தண்ணீரில் வரும். கட்மியம் சாதாரண நஞ்சில்லை. ஜப்பானில் தொயாமா என்ற பகுதியில் சுரங்கத்துக் கட்மியம் ஆற்றில் கலந்து, வயலுக்குப் பாய்ந்து, சோற்றோடு வயிற்றுக்குள் போனது. வயதான பெண்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். எலும்பு மெலிந்து, இருமினாலே முறிந்தது. "வலிக்குது வலிக்குது" என்று அர்த்தம் வருகிற பெயரையே அந்த நோய்க்கு வைத்தார்கள். 1968இல் அந்த நாட்டு அரசாங்கம் அதற்குக் காரணம் கட்மியம்தான் என்று ஒப்புக்கொண்டது. ஐரோப்பாவில் 2016 முடிவோடு ட்ரில் மெஷின்களுக்கு இந்தப் பெட்டரியையே நிறுத்திவிட்டார்கள். அதை நாம் அடுப்பில் போடலாமா, சொல்லுங்கள்.

ஆகவே இந்த மாதம் முதல் பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில், மூடியுள்ள ஒரு வாளி வைக்கிறேன். செத்த பெட்டரியின் இரண்டு முனையிலும் டேப் ஒட்டிக் கொண்டுவாருங்கள். ஊதிப்போனதை வாளிக்குள் போடாதீர்கள், என்னிடம் சொல்லுங்கள், அதைத் தனியாக மண்ணுக்குள் வைப்போம். ஒரு மீட்டரும் வாங்கியிருக்கிறேன். சனிக்கிழமை பின்னேரம் யாரும் வந்து அளந்து பார்க்கலாம். அளக்கக் கற்றுக்கொள்ள இரண்டு பேர் வேண்டும், தங்கச்சிமாரும் வரலாம்.

(பேச்சு முடிந்தபின் மேற்பிரிவு லயத்து அம்மா ஒருவர், "டார்ச் பெட்டரியை இனி அடுப்போரம் வைக்கவே கூடாதாங்க ஐயா?" என்று கேட்டார். அதற்குச் சொன்ன பதில்:)

வெயிலில் வையுங்கம்மா. அடுப்போரம் வேண்டாம், சூடு கூடினால் வெடித்துப் பசை கண்ணில் தெறிக்கும். வெள்ளையாகக் கசிந்திருந்தால் டார்ச்சுக்குள் திரும்பப் போடாதீர்கள், டார்ச்சையும் தின்றுவிடும். பேரனின் ட்ரில் பெட்டரியை மட்டும் உங்கள் டார்ச் பெட்டரியோடு சேர்த்துக் காயப்போட்டுவிடாதீர்கள்.